1124 என்று அச்சிட்ட அமெரிக்க நோட்டு

என் கடை மேசைக் கண்ணாடியின்மேல் ஏட்டையா தன் தொப்பியைக் கழற்றி வைத்தார். அதன் பக்கத்தில் பங்களா மேனேஜர் ஒரு நோட்டை விரித்து வைத்தார். மூன்றாவதாக வந்தவர் எதையும் வைக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்ல முடியாதபடி நிலைப்படியில் நின்றார்.

நாகர்கோவிலில் அன்று காலையிலிருந்து சாரல். மூவரின் உடம்பிலிருந்தும் ஈரத்துணி வாடை வந்தது. நோட்டிலிருந்து மட்டும் கிராம்பு வாசனை வந்தது.

"அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு காரியம் சொன்னா போரும்," என்றார் ஏட்டையா. "இது அமெரிக்கா நோட்டுதானா?"

"ஆமா."

"பத்து டாலரா?"

"ஆமா."

"அவ்வளவுதான்." தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். நிலைப்படியில் நின்றவரிடம், "நடவும்வே, ஸ்டேஷனுக்குப் போவோம்," என்றார்.

நான் ஒன்றும் அடக்கமான ஆள் இல்லை. இத்தனை வாரமாக இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அது தெரியும். ஒரு நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போவதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏட்டையா, தொப்பியக் கழத்தி வச்சிட்டு உக்காருங்க," என்றேன். "நோட்டு வாயத் தெறக்கதுக்கு முன்னால ஆளக் கூட்டிட்டுப் போனா எப்பிடி?"

மேனேஜரின் விரல்

எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் பழைய காசு, தபால்தலை, வெளிநாட்டு நோட்டு என்றால் நாகர்கோவிலில் என் கடைதான். வேறு கடை இல்லை என்பதும் ஒரு காரணம்.

விஷயம் இதுதான். கடற்கரை மணலைப் பார்க்க வந்த ஓர் அமெரிக்கத் துரை ஊருக்கு வெளியே ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். அன்று காலையில் தன் பத்து டாலர் நோட்டு ஒன்றைக் காணோம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, திற்பரப்பு அருவியில் குளிக்க ஜீப்பில் போய்விட்டார். சாயங்காலம்தான் வருவார்.

பங்களாவில் சமையல் மீரான் காக்கா. தேங்காய்ப்பட்டணத்துக்காரர். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த முஸ்லிம்களைக் காக்கா என்று அழைப்பது வழக்கம். அவர் இரண்டு நாளுக்கு முன் கோட்டாற்றில் ஒரு நகைக்கடைக்குப் போய், அமெரிக்கப் பத்து டாலர் மாற்ற முடியுமா என்று விசாரித்திருக்கிறார். கோட்டாற்றில் ஒருவன் தும்மினால் வடசேரியில் நூறு வயசு சொல்வார்கள். செய்தி மேனேஜர் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? காக்காவின் இடுப்பு வாரிலிருந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஏட்டையாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கெட்டவன் கையில் அகப்பட்டவன்கூடத் தப்பிவிடுவான், பயந்தவன் கையில் அகப்பட்டவன் கதி அதோகதிதான்.

"துரை வந்த பொறவு அவருகிட்டயே காட்டிக் கேட்டா என்ன?" என்றேன்.

"துரை வரும்போ நான் கள்ளனோட நிக்கணும் அண்ணாச்சி. கேள்வியோட நிக்கப்படாது."

நான் மீரான் காக்காவைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய ஆள். முகத்தில் கோபம் இல்லை. வெட்கம்தான் இருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"ரெண்டு தடவ சொல்லியாச்சு அண்ணாச்சி," என்றார். "1105-ல எனக்குக் கிட்டினது. நான் கப்பல்ல பண்டாரியாட்டு இருந்தேன், அதான் சமையக்காரன். அமெரிக்காக்காரன் கப்பலு. ஒரு ஆபீசருக்குக் காய்ச்சல். ஒரு மாசம் சுக்குக் கஞ்சியும் காணத் தொவையலும் வச்சுக் குடுத்து எழும்ப வச்சேன். எறங்கும்போ இத எனக்க கைல வச்சிட்டுப் போனாரு."

"கேட்டீரா? 1105-லயாம்." மேனேஜர் நோட்டின்மேல் விரலை வைத்தார். நீல மையில் தடித்த எழுத்தில் 1124 என்று இருந்தது. விரலை நகர்த்தினார். அங்கேயும் 1124. ஓரத்துப் பூவேலைக்குள்ளும் பொடி எழுத்தில் அதே 1124. "இப்பம் நடக்குத வருசம் என்ன?"

"1124," என்றார் ஏட்டையா, நான் சொல்வதற்கு முன்னால்.

"இந்த வருசம் அச்சடிச்ச நோட்டு அந்த வருசம் எப்பிடிவே கிட்டும்?"

மீரான் காக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் தலைக்குள் ஓடிய ஆண்டு

அமெரிக்காக்காரனுக்கும் கொல்லம் ஆண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மதுரையிலும் சென்னையிலும் இருந்து படிப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் திருவிதாங்கூரில் பிறந்திருந்தால் நீங்களும் அந்த இடத்தில்தான் விரலை வைத்திருப்பீர்கள்.

எங்களுக்கு ஆண்டு என்றால் கொல்லம் ஆண்டு. 1124 என்றால் உங்கள் கணக்கில் 1948, 1105 என்றால் 1929. முத்திரைத்தாளில் அது. வெள்ளிக் காசில் அது. கல்யாணக் கடிதத்தில், கோயில் கல்லில், கிணற்றுச் சுவர்ச் சிமெண்டில் குச்சியால் கீறியது என்று எல்லாம் அதுதான். எனக்கு என்ன வயது என்று என் அம்மாவிடம் கேட்டால், "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு அடுத்த ஆனி" என்பாள். அதில் ஆயிரத்தை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதினொன்று என்று தொடங்கும் நாலு இலக்கத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்க் கண்ணுக்கு அது வருஷமாகத்தான் தெரியும். மேனேஜர் பி.ஏ. படித்தவர். ஆனால் படிப்பு எல்லாம் பழக்கத்துக்குப் பிறகுதான்.

"இங்கிலீஷ்ல 1905-ன்னு ஒரு தேதி சின்னதாப் போட்டிருக்கே, அது என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது பேங்கு தொடங்கின வருசமா இருக்கும். ஜவுளிக்கடை போர்டுல போடுதானே, ஸ்தாபிதம்னு."

நல்ல வக்கீலாக வந்திருக்க வேண்டிய மனிதர். பங்களாவில் படுக்கை விரிப்பு எண்ணிக்கொண்டிருந்தார்.

அகல நோட்டுச் சாஸ்திரம்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் நான் கொழும்பில் ஒரு நோட்டு மாற்றும் கடையில் இருந்தேன். துறைமுகத்தில் இறங்கும் அமெரிக்கர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் அளவில் சின்ன நோட்டு. அத்தி பூத்தாற்போல் எவனாவது ஒருவன் ஓர் அகல நோட்டை நீட்டுவான். நம் உள்ளங்கையை மீறி நிற்கும். எங்கள் முதலாளி அதைக் கண்டால் முகம் சுளித்து ஒதுக்கி வைப்பார்.

அந்த ஒதுக்கலை வாங்குவதற்கென்றே ஒரு கப்பல் அதிகாரி வருவார். நோட்டின் மதிப்புக்கு மேலே போட்டுக் கொடுப்பார். அவர் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை, வாயே திறக்க மாட்டார். அவர் எதை எடுத்தார், எதைத் தள்ளினார் என்று பார்த்துப் பார்த்துத்தான் நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு முறை நானே துணிந்து வாங்கி மண்ணைக் கவ்வியும் கற்றேன்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஊர் ஊருக்கு இருந்த பேங்குகள் தம் பெயரிலேயே நோட்டு விட்டன. அச்சடித்துத் தருவது சர்க்கார். பெயர் அந்த ஊர்ப் பேங்கின் பெயர். பேங்கின் தலைவரும் காசாளரும் கையெழுத்துப் போட்டால்தான் நோட்டு வெளியே போகும். ஒவ்வொரு பேங்குக்கும் சர்க்கார் அனுமதி கொடுத்த வரிசைப்படி ஓர் எண் உண்டு. அந்த எண் நோட்டில் பளிச்சென்று நிற்கும். நம் பஸ்ஸுக்கு நம்பர் இருக்கிற மாதிரி, அவ்வளவுதான்.

அகல நோட்டை அச்சடிப்பதை அவர்கள் நிறுத்தி அப்போதே இருபது வருஷம் ஆகியிருந்தது. அதனால் அகலத்தைப் பார்த்ததுமே பழசு என்று சொல்லிவிடலாம். விலை சொல்வதுதான் வித்தை. முதலில் ஊரைப் பார்க்க வேண்டும். பெரிய பட்டணத்துப் பேங்கு என்றால் நோட்டு மூட்டை மூட்டையாக இருக்கும், யாருக்கும் வேண்டாம். யாரும் கேள்விப்படாத சிற்றூர் என்றால் விலை ஏறும். பிறகு உடம்பைப் பார்க்க வேண்டும். மடிப்பு, ஊசி குத்திய துளை, கறை எல்லாம் விலையைத் தின்னும். துவைத்து இஸ்திரி போட்ட நோட்டுதான் எல்லாவற்றிலும் மோசம். செத்த மீனுக்குச் செவுளில் சாயம் பூசிய கதை அது, தொட்டதும் தெரிந்துவிடும்.

மேசைமேல் கிடந்தது ஒரு சிற்றூர் நோட்டு. அந்த ஊர்ப் பெயர் என் வாயில்கூட நுழையவில்லை. எனக்கு உள்ளங்கை அரித்தது. ஆனால் அதற்கு முன்னால் ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும்.

அடுத்த யுகத்து நோட்டு

என் தகரப் பெட்டியின் அடியில் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஓர் அகல நோட்டு இருந்தது. என் பொக்கிஷம். யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் காட்டுவேன். அதை எடுத்து, காக்காவின் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே அகலம், அதே படம், அதே நீல முத்திரை. ஊர் மட்டும் வேறு.

"ஏட்டையா, இதுல அதே எடத்துல என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

அவர் குனிந்தார். "ஏழாயிரத்து அறுநூத்தி நாப்பத்தி ரெண்டு."

"கொல்லம் ஏழாயிரம் எப்பம் வரும்?"

ஏட்டையா பஞ்சாங்கம் பார்க்கிறவர். நெற்றியைச் சுருக்கினார். "கொல்லமா? கலியுகமே இப்பம் அஞ்சாயிரத்துச் சொச்சந்தானவே ஆவுது!"

"அப்பம் இது அடுத்த யுகத்துல அச்சடிச்சதா?"

ஏட்டையா சிரித்த சிரிப்பில் மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. அது வருஷம் இல்லை, பேங்கின் நம்பர் என்று விளக்கினேன். ஒரு சின்ன டாலர் நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, இப்போது ஓடுவது இந்த அளவு என்றும் காட்டினேன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "சரி, பழைய நோட்டாவே இருக்கட்டும். துரைகிட்ட ஒரு பழசு இருக்கப்படாதா? இல்ல, நான் கேக்கேன், இவ்வளவு காலம் கைல வச்சிருந்தவரு சரியா இந்த வருசம் பாத்து ஏன் மாத்தப் போனாரு?"

நல்ல கேள்வி. மூவரும் மீரான் காக்காவைப் பார்த்தோம்.

"தவணை வரணும்லா?" என்றார் அவர்.

"என்ன தவணை?"

"1124-ன்னு போட்டிருக்கே அண்ணாச்சி. கிட்டினது 1105. சரி, யாவாரி எழுதுத உண்டியல் சீட்டுல தவணை போடுத மாதிரி 1124-ல கொண்டுபோனாத்தான் பணம் தருவான்னு நெனச்சேன். சிங்ஙம் மாசம் பொறந்து வருசம் 1124 ஆனதும் பணத்த மாத்தி, தேங்காய்ப்பட்டணத்துல சாயா விக்குத ஒரு கடை போடலாம்னு..." நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "அது வருசம் இல்லியா?"

பொய் சொல்கிறவன் இப்படி ஒரு பொய்யைக் கட்ட மாட்டான் என்று எனக்குப் பட்டது. ஆனால் எனக்குப் பட்டது ஏட்டையாவுக்குப் போதாது. மேனேஜருக்குச் சத்தியமாகப் போதாது.

பச்சைக் களிம்பு

நோட்டைக் கையில் எடுத்தேன். வாங்குகிறவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தேன். விலையை எங்கெல்லாம் குறைக்கலாம் என்று தேடுகிற கண் அது.

எட்டாக மடித்த தடம். மடிப்புகள் சந்திக்கும் நடுவில் நூல் நுழையும் அளவுக்குத் துளை. ஓரத்தில் வட்டமாக ஒரு பச்சைக் கறை. விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு மடிப்பிலும் அதே வட்டம், உள்ளே போகப் போக மங்கிக்கொண்டே போனது. பித்தளைக் களிம்பு.

"காக்கா, அந்த இடுப்பு வாரக் கழத்துங்க."

கடற்கரை முஸ்லிம்கள் கட்டும் அகலத் தோல் வார். அதில் சின்னப் பை, உள்ளே நோட்டில் வந்த அதே கிராம்பு வாசனை. பையை மூடுவதற்குப் பித்தளைக் குமிழ். நோட்டைப் பழைய தடத்திலேயே எட்டாக மடித்துப் பைக்குள் வைத்து மூடினேன். பிறகு ஏட்டையாவின் கையைப் பிடித்து, குமிழின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். கறை இருந்த இடத்தில் அப்படியே குமிழ் உட்கார்ந்திருந்தது.

"எட்டு மடிப்பும் ஊறி உள்ள போயிருக்கு ஏட்டையா. எத்தன மழை, எத்தன வேர்வை பட்டிருந்தா இப்பிடி ஊறும்? இது துரை பைலயிருந்து இன்னைக்கு எடுத்த நோட்டா?"

விலையைத் தின்னுகிற குறை என்று நான் பழித்த ஒவ்வொன்றும் அந்த மனுஷனுக்குச் சாட்சி சொன்னது. பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தாலும் பாதகமில்லை, அன்று என் தொழிலை நினைத்து எனக்குக் கர்வமாக இருந்தது.

ஏட்டையா தொப்பியை எடுத்தார். இந்த முறை மேனேஜரைப் பார்த்து, "நடவும்வே," என்றார்.

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி காக்கா, மனசுல வச்சுக்கிடாதீங்க. துரை அஞ்சு மணிக்கு வந்திருவாரு. ராத்திரிக்கு ஆப்பம் கேட்டிருக்காரு."

"ஆப்பத்துக்கு வேற ஆளப் பாரும்," என்றார் மீரான் காக்கா, வாரைக் கட்டிக்கொண்டே.

துரையின் நோட்டு பிறகு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.

பாத்தும்மா கேட்டது

அவர்கள் போன பிறகும் காக்கா போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வரவழைத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அப்பம் 1105-லயே இத மாத்தியிருக்கலாமா அண்ணாச்சி?"

நோட்டு விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை. "மாத்தியிருக்கலாம்," என்றேன். "எந்த வருசமும் மாத்தியிருக்கலாம். ஆனா அன்னைக்கு இது வெறும் பத்து டாலர். இன்னைக்குப் பழசு. கறை இருந்தாலும் நான் மூணு பங்கு தாறேன்."

என் விலை அவர் காதில் ஏறவில்லை. "சண்டைக் காலத்துல அரிசி கெடைக்காம மரச்சீனிக் கெழங்கத் தின்னு கெடந்தோம்," என்றார். "பிள்ளையளுக்கு வயிறு ஊதிக் கெடந்திச்சு. வீட்டுல அவ, பாத்தும்மா, இத எடுத்து மாத்தும் மாத்தும்னு தொண்டை கிழியச் சொன்னா. தவணை வரல்லன்னு நான் எடுக்கல்ல." டீ கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தார். "ஒரு உதவி செய்யணும். அவ கேட்டா, இந்த வருசந்தான் தவணைன்னு சொல்லிரும்."

நான் தலையாட்டினேன். என்ன செய்வது, நானும் கல்யாணம் ஆனவன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள். பாத்தும்மா வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, கணவனுக்கு முன்னால் வந்து நின்றார். நோட்டை அவரே மேசையில் வைத்தார்.

"இந்த வருசந்தான் தவணையா அண்ணாச்சி? நெசமாட்டு?"

பூதக்கண்ணாடியை எடுத்து 1124-ஐ நெடுநேரம் பார்த்தேன். நடிப்பிலும் நான் குறைந்தவன் இல்லை. "இந்த வருசந்தான் உம்மா. ஒரு வருசம் முந்தினாலும் தாள் வீணாப் போயிருக்கும்."

அந்த அம்மாளின் முகம் மாறியதை எப்படி எழுதுவது? நிம்மதி என்று நினைத்தேன். இல்லை. கணவன் பக்கம் திரும்பினார். குரல் உடைந்துவிட்டது.

"அந்தப் பஞ்சத்துல நான் உங்கள என்னெல்லாம் ஏசினேன். பிள்ளையளக் கொல்லப் பாக்குதீங்கன்னுகூடச் சொன்னேனே. நீங்க ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல்லியே. மாப்புத் தாங்க."

மீரான் காக்கா என் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். நான் கண்ணாலேயே, சும்மா இரும், சும்மா இரும் என்று கெஞ்சினேன்.

"இல்லட்டி," என்றார். "அண்ணாச்சி எனக்காவப் பொய் சொல்லுதாரு. தவணையும் இல்ல ஒண்ணும் இல்ல. அது பேங்குக்க நம்பராம். நீ சொன்ன அன்னைக்கே மாத்தியிருக்கலாம்." பிறகு என்னிடம், "கோவிக்கண்டாம் அண்ணாச்சி. போன வாரம் ஒரு கள்ளப் பேரத் தொடச்சு விட்டியரு. இந்த மாப்ப வாங்கிட்டுப் போனா வீட்டுக்குள்ள கள்ளனா இருப்பேன்," என்றார்.

நாகர்கோவிலின் ஒரே நோட்டு நிபுணனான நான் பூதக்கண்ணாடியும் கையுமாகத் திருதிருவென்று விழித்தேன். பாத்தும்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், அவரை ஒரு பார்வை பார்த்தார். பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் நோட்டைக் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

அவர் துப்பட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு ஆம்பிளையளும் வாயப் பாத்துக்கிட்டு நிக்காம," என்றார், "இப்பமாவது அத மாத்துங்க."